நூலும் நூலகமும்: பிறர் வகுத்த நிரல்களை ஏற்கும் முறையின் வரலாறு

தமிழில் நூல் என்னும் சொல் இருபொருள் தருவது. நெய்வதற்குரிய இழையும் நூல். கற்பதற்குரிய ஏடும் நூல். பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் உவமையால் இணைத்து, பஞ்சினைக் கைக்கொண்டு இழை நூற்கும் பெண்ணின் தொழிலோடு சொல்லைக் கைக்கொண்டு நூல் யாக்கும் புலவனின் தொழிலை ஒப்பிட்டுக் காட்டினார். கிழக்கிலங்கைக் கரையோரத்தில் கல்முனைக்கு வடக்கே அமைந்த மருதமுனையின் பெயரைக் கேட்போர்க்கு முதலில் நினைவுக்கு வருவது இழையாகிய நூலே. அவ்வூரின் கைத்தறிச் சாறன்களும் சேலைகளும் இலங்கை முழுவதிலும் பெயர்பெற்றவை. ஏடாகிய நூலும் அக்கரையோரத்துக்குப் புதியதன்று. 1995 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 ஆம் ஆண்டு முழுநிலை பெற்ற, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று கணினியியலும் கற்பிக்கப்படுகின்றது. தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமையுறவன்று, அது வரலாற்றுறவு. அவ்வுறவினை, ஒருவர் வகுத்த கட்டளைத் தொகுதியை மற்றொருவர் தம் பொறியில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்னும் ஒரு நோக்கிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் பொருள்.

கணினிக்கு இடும் கட்டளைகளின் ஒழுங்கான வரிசை நிரல் எனப்படும். பலமுறை வேண்டப்படும் கட்டளைத் தொகுதிகளை ஒருமுறை செம்மையாக எழுதிச் சேமித்து, வேண்டும்போது எடுத்தாளுமாறு வைத்த சேமிப்பே நிரல் நூலகம். கட்டளைகளை எழுத்தால் எழுதாது, திரையில் தோன்றும் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தியும் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தும் நிரல் அமைக்கும் முறை காட்சிவழிச் செய்நிரலாக்கம் எனப் பெயர்பெறும். பள்ளிச் சிறாரும் பொறியியலாளரும் இசைவாணரும் இம்முறையை இன்று கையாள்கின்றனர். ஆயினும் அத்தகைய மென்பொருளொன்றில் முதலில் தரப்பட்ட கட்டைகள் எண்ணத்தக்கனவே. அவற்றுக்கு அப்பால் ஒன்றைச் செய்ய விரும்புவோர், பிறர் எழுதிய நூலகத்தை உள்ளே கொண்டுவருதல் வேண்டும். அவ்வாறு கொண்டுவரப்பட்டது பொருந்துமா, அதனை நம்பலாமா, அதன் உள்ளியல்பை அறியாமலே பயன்படுத்துதல் தகுமா என்னும் மூன்று வினாக்கள் அப்பொழுது எழுகின்றன. இவ்வினாக்கள் கணினியோடு பிறந்தவை அல்ல.

நெசவினை முதற்கண் நோக்குவோம். கட்டமிட்ட சாறன் ஒன்றின் கோலம் தறியில் தோன்றுவதன்று. பாவு ஓடும்போதே அது முடிவு செய்யப்படுகின்றது. இந்நிறத்தில் இத்தனை இழை, அடுத்த நிறத்தில் இத்தனை இழை என எண்ணி ஓடிய வரிசையே நெடுக்குக் கோடுகளாகின்றது. ஊடை நூலையும் அவ்வாறே எண்ணி மாற்றி ஓடத்தைச் செலுத்தக் குறுக்குக் கோடுகள் அமைகின்றன. ஆகவே ஒரு சாறனின் கோலம் என்பது உண்மையில் எண்களும் நிறங்களும் கொண்ட ஒரு வரிசை. அவ்வரிசையைத் துண்டுத்தாளிற் குறித்தோ மனத்திற் கொண்டோ வேறொரு தறிக்குக் கொண்டுசெல்லலாம். ஆயின் அத்தறியின் அச்சு வேறு அளவினதாயிருப்பின், அதே வரிசை வேறு அகலத்தையே தரும். கோலம் தறியினின்று பிரிக்கத்தக்கது; பிரித்த கோலம் மற்றொரு தறிக்குப் பொருந்துவதற்கு இரண்டுக்கும் பொதுவான அளவு வேண்டும். நிரல் நூலகத்தின் தத்துவம் முழுவதும் இவ்விரு கூற்றில் அடங்கும்.

பூவும் கொடியும் போன்ற நுண்ணிய கோலங்களுக்கு இவ்வெண்வரிசை போதாது. ஒவ்வோர் ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழை உயர வேண்டும் என்பது தனித்தனியே கூறப்படல் வேண்டும். முற்காலத்தில் தறியின் அருகே ஒருவர் இருந்து கயிறுகளை இழுத்து அவ்வேலையைச் செய்தார். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில் 1725 இல் பசில் பூசோன் என்பார் துளையிட்ட காகிதச்சுருளை இதற்குப் பயன்படுத்தினார். 1728 அளவில் பால்கோன் என்பார் சுருளுக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்தார். இவற்றையெல்லாம் செம்மைப்படுத்தி 1804 இல் ஜோசப் மாரி ஜக்காட் தம் பொறியை அமைத்தார். அதில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடு இணைந்த கொக்கி பாவு இழையை உயர்த்தும். துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, இழை தாழ்ந்தே நிற்கும். இவ்வட்டைக் கோவையை மாற்றினால் அதே தறி வேறு கோலம் நெய்யும். 1839 இல் லியோனில் நெய்யப்பட்ட ஜக்காட்டின் பட்டுருவப்படத்திற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதனை ஓவியம் என்றே பலர் மயங்கினர்.

அப்பட்டுருவத்தின் ஒரு படியைத் தம் இல்லத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டி மகிழ்ந்தவர் ஆங்கிலக் கணித அறிஞர் சாள்ஸ் பாபேஜ். 1834 முதல் அவர் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கு, 1836 இல் ஜக்காட்டின் துளையட்டை முறையையே ஏற்றுக்கொண்டார். எண்களைப் பொறிக்கு ஊட்டவும், எந்தக் கணிதச் செயலை எந்த வரிசையிற் செய்ய வேண்டும் எனக் கூறவும் அட்டைகளே கருவியாயின. 1843 இல் ஏடா லவ்லேஸ் பெருமாட்டி அப்பொறியைப் பற்றி எழுதிய குறிப்புகளில், தறி பூவையும் இலையையும் நெய்வது போல இப்பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்னும் கருத்தை வெளியிட்டார். 1864 இல் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்பில் பாபேஜ் இன்னும் ஒருபடி சென்றார். ஒருமுறை ஆக்கப்பட்ட அட்டைத் தொகுதி பின்னர் எக்காலத்தும் அதே கணக்கைத் திரும்பச் செய்யுமாதலின், அப்பொறி தனக்கென ஒரு நூலகத்தை உடையதாகும் என்று அவர் கூறினார். பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. ஆனால் நூலகம் என்னும் சொல் கணினிக்கு அன்றே கிடைத்துவிட்டது.

மேனாட்டில் அட்டைகள் செய்த தொழிலைத் தமிழர் நாவாற் செய்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனஞ்செய்த சிறுவன், பெருக்கலைத் தானே செய்யாது, முன்னோர் செய்து வைத்த விடையை எடுத்தாண்டான். வாக்கிய பஞ்சாங்கம் கணிப்போரின் முறை இதனினும் வியத்தற்குரியது. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களில், ஒவ்வொன்றின் எழுத்துகளும் ஒரு நாளில் சந்திரன் சென்ற தூரத்தின் எண்களைத் தம்முள் மறைத்து வைத்துள்ளன. வாக்கியத்தை நினைவு கூர்ந்து எழுத்தை எண்ணாக மாற்றினால் விடை தயார். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் இன்றும் அச்சாகி வருகின்றது.

1825 இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் நூலில் ஜோன் வாரன் என்னும் படையதிகாரி, புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் சோகிகளைத் தரையில் பரப்பி, மனனஞ்செய்த வாய்பாடுகளைக் கொண்டே 1825 மே 31, சூன் 1 ஆகிய நாட்களுக்கிடையே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் விடையின் பிழை தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே. ஆயினும் அவ்வாய்பாடுகளின் பின்னுள்ள வானியற் கொள்கையை அவர் அறிந்தவரல்லர் என்றும் வாரன் குறித்தார். வானியல் வரலாற்றறிஞர் நொய்கபாவர் 1952 இல் தமிழர் வானியல் பற்றி எழுதிய கட்டுரையால் இச்செய்தி உலகறிந்ததாயிற்று. அக்கணிதரை எள்ளுவார் உளர், போற்றுவாரும் உளர். இருசாராரும் மறந்தவொன்று உண்டு: அவர் செய்தது நூலகத்தைப் பயன்படுத்துவோர் அனைவரும் செய்வதே. நிறைவான நூலகம் அறியாதார்க்கும் சரியான விடை தரும். அதுவே அதன் பயன். விடை பிழைபடத் தொடங்கும்பொழுது அதனைத் திருத்தும் ஆற்றலை அவர்க்கு அது தராது. அதுவே அதன் வரம்பு.

மின்கணினியில் இக்கருத்து முதன்முதல் நிலைபெற்ற இடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பட்ட எட்சாக் என்னும் கணினி 1949 மே 6 ஆம் நாள் முதன்முறை இயங்கியது. நிரல் எழுதத் தொடங்கிய உடனே, வர்க்கமூலம் காணல், எண்களை அச்சிடல் போன்றன எல்லோர்க்கும் வேண்டப்படுவதையும், ஒவ்வொருவரும் புதிதாக எழுதிப் புதிதாகப் பிழைவிடுவதையும் அவர்கள் கண்டனர். ஆதலின் சோதித்துத் தேர்ந்த துணைநிரல்களைத் துளையிட்ட காகிதச்சுருள்களாக்கி ஓர் அலுமாரியில் வரிசைப்படுத்தி வைத்தனர். வேண்டுவோர் சுருளை எடுத்துத் தம் நிரற்சுருளிற் படியெடுத்துக்கொண்டு, திரும்பவும் உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். 1951 அளவில் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அவ்வாண்டு வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் வெளியிட்ட நூலே செய்நிரலாக்கம் பற்றிய முதற் பாடநூலாகக் கருதப்படுகின்றது.

படியெடுத்து ஒட்டுவதால் மட்டும் வேலை முடியவில்லை. இரு இடர்கள் எழுந்தன. முதலாவது இடம் பற்றியது. துணைநிரலின் கட்டளைகள் நினைவகத்தில் இன்ன எண்ணுள்ள அறை என்று சுட்டுவன. அத்துணைநிரல் வேறிடத்திற் குடியேறினால் அவ்வெண்களெல்லாம் பிழையாகிவிடும். கணினியின் தொடக்கக் கட்டளைகளே நிரலை உள்வாங்கும்போது இவ்வெண்களைத் திருத்திக்கொள்ளுமாறு வீலர் வகுத்தார். இரண்டாவது மீள்வு பற்றியது. ஒரே துணைநிரலைப் பல இடங்களிலிருந்து அழைக்கும்போது, வேலை முடிந்தபின் எங்குத் திரும்ப வேண்டும் என்பதை அஃது எவ்வாறு அறியும்? அழைப்போர் தாம் நின்ற இடத்தின் எண்ணைக் கையளித்துச் செல்லவும், துணைநிரல் அதனைக் கொண்டு தன் இறுதிக் கட்டளையைத் தானே அமைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. வீட்டுக்கு வரும் விருந்தினர் தங்கும் அறையும் திரும்பும் வழியும் அறிந்திருக்க வேண்டும் என்பது போன்றதே இது. இன்றைய நூலகங்கள் யாவும் இவ்விரு தீர்வுகளின் வழிவந்தவை.

அமெரிக்காவில் கிரேஸ் ஹொப்பர் அம்மையார் மற்றோர் இடரைக் கண்டார். துணைநிரல்களைக் குறிப்பேடுகளிலிருந்து கையாற் பெயர்த்தெழுதுவோர், எழுத்தை மாற்றியும் எண்ணைத் தவறக் கூட்டியும் பிழை செய்தனர். 1952 இல் அவர் ஆக்கிய ஏ-0 என்னும் நிரல், அழைப்பெண்ணைக் கொடுத்தவுடன் உரிய துணைநிரல்களை நூலகச் சுருளிலிருந்து தானே எடுத்துத் தொகுத்தது. ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழையைத் தமிழுலகம் நன்கறியும். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களோடு போராடியமை யாவரும் அறிந்ததே. நிரல் நூலகத்தின் பதிப்பு வேறுபாடு என்று இன்று கூறப்படுவதும் பாடபேதமே. ஒருவர் ஒரு பதிப்பைக் கொண்டு நிரல் எழுத, மற்றவர் வேறு பதிப்பைக் கொண்டு இயக்கினால் பொருள் மாறும். சிலவேளை நிரல் இயங்காது. 1958 இல் வெளிவந்த இரண்டாம் போர்ட்ரான் மொழி, துணைநிரல்களைத் தனித்தனியே தொகுத்துப் பின்னர் இணைக்க வழிவகுத்தது. 1968 இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாட்டில் டக்ளஸ் மக்கில்றோய், மென்பொருளின் உறுப்புகளும் தொழிற்சாலைப் பொருள்கள் போல அளவுவாரியாக ஆக்கப்பட்டுக் கிடைத்தல் வேண்டும் என்று வாதிட்டார்.

காட்சிவழி முறையின் தோற்றத்தை 1963 இல் காணலாம். மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து தம் ஆய்வுக்காக ஆக்கிய ஸ்கெச்பாட் என்னும் மென்பொருளில், ஒளிப்பேனாவால் திரையில் நேரே வரையலாம். அதில் மூலவரைவு ஒன்றை ஆக்கி, அதன் பிரதிகளைப் பல இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் யாவும் திருந்தும். இது எட்சாக்கின் அலுமாரியே. காகிதச்சுருளுக்குப் பதிலாகச் சித்திரம். 1967 இல் சிறுவர்க்கென உருவான லோகோ மொழியில், மாணவன் வகுத்த செயன்முறை அம்மொழியின் புதுச்சொல்லாகவே ஆயிற்று. 1986 இல் வெளிவந்த லாப்வியூ, அளவைக் கருவிகளைக் கையாளும் பொறியியலாளர்க்காகப் பெட்டிகளைக் கம்பியால் இணைக்கும் முறையைக் கொணர்ந்தது. வேறு மொழியில் எழுதித் தொகுத்த நூலகத்தை அழைப்பதற்கென அதில் தனிப் பெட்டி உண்டு. பாரிஸ் நகரின் இர்காம் இசையாய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் தொடங்கிய மாக்ஸும், அவர் 1996 இல் வெளியிட்ட பியூர் டேட்டாவும், சீ மொழியில் எழுதிய புறப்பொருள்களைத் தம் பெட்டிகளாக ஏற்றன.

இவ்வேற்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஆப் இன்வென்டர் கொண்டு விளக்கலாம். 2010 இல் கூகிள் நிறுவனத்தில் தோன்றி, 2012 முதல் மசாச்சுசெட்ஸ் நிறுவனத்தால் நடத்தப்படும் இம்மென்பொருளில், கட்டைகளைப் பொருத்திக் கைப்பேசிச் செயலிகளை ஆக்கலாம். உள்ளே இல்லாத ஒரு வசதி வேண்டுமாயின், வல்லார் ஒருவர் ஜாவா மொழியில் அதனை எழுதுகின்றார். எழுதும்போதே இச்செயல் கட்டையாகத் தோன்றுக, இப்பண்பு வெளியே தெரிக என்னும் குறிப்புகளை இடுகின்றார். தொகுக்கும்போது இரண்டு பொருள்கள் உருவாகின்றன: ஒன்று பொறி இயக்கும் நிரல், மற்றொன்று அந்நிரலின் பெயர், வேண்டும் உள்ளீடு, தரும் விடை ஆகியவற்றைக் கூறும் விவரப்பட்டி. இரண்டும் ஒரு பொதியாகக் கட்டப்படுகின்றன. அப்பொதியை ஏற்றியதும் மென்பொருள் விவரப்பட்டியைப் படித்துக் கட்டைகளை வரைகின்றது. எண் வேண்டுமிடத்துக்கு எண்குழி, சொல் வேண்டுமிடத்துக்குச் சொற்குழி. மாணவன் காண்பது நிறமிட்ட கட்டையை. இயங்குவது அவன் காணாத ஜாவா நிரல். விவரப்பட்டி ஒன்று கூற நிரல் வேறொன்று செய்யுமாயின், கட்டை அழகாகப் பொருந்தியும் செயல் பிழைபடும்.

2007 இல் பொதுமக்களுக்கு வெளிவந்த ஸ்கிராச், உலகெங்கும் சிறார்க்குக் கட்டைமுறையைப் பழக்கியது. தொடக்கத்தில் அதில் மாணவர் தாமே புதுக்கட்டை வகுக்க இயலாது. அக்குறையை நீக்க ஜென்ஸ் மோனிக், பிரையன் ஹார்வி ஆகியோர் அதனை விரித்து, உன் கட்டையை நீயே கட்டு என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு மென்பொருளை வெளியிட்டனர். அது பின்னர் ஸ்னாப் எனப் பெயர்பெற்றது. ஸ்கிராச் 2013 இல் தன் இரண்டாம் பதிப்பில் அவ்வசதியைத் தானும் ஏற்றது. ஸ்னாப்பில் வகுத்த கட்டைகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். மற்றொருவர் இறக்குமதி செய்யலாம். இறக்குமதி செய்தவர் அக்கட்டையைத் திறந்து, அதன் உள்ளே எந்தெந்தக் கட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காணவும் மாற்றவும் இயலும். ஸ்னாப்பை அடித்தளமாகக் கொண்ட டர்ட்டில்ஸ்டிச் என்னும் மென்பொருள், கட்டைகளால் வகுத்த கோலத்தைத் தையற்பூவேலைப் பொறிக்கு அனுப்புகின்றது. ஜக்காட்டின் அட்டைகளினின்று கிளைத்த கணினி, இரு நூற்றாண்டுகள் கழித்துத் துணிக்கே திரும்பியது.

மேற்கூறியவற்றை நோக்கின், ஏற்புமுறை இருவகைப்படும் என்பது புலனாகும். வருவதை இல்லத்துக்கேற்ப மாற்றுதல் ஒன்று. இல்லத்தை வருவதற்கேற்ப விரித்தல் மற்றொன்று. தமிழ்மொழியின் வரலாற்றில் இரண்டுக்கும் சான்றுண்டு. வடசொல் தமிழில் வழங்குங்கால், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்றே வருதல் வேண்டும் எனத் தொல்காப்பியர் விதித்தார். இது முதல்வகை, வந்த சொல் தமிழின் குழிக்குப் பொருந்துமாறு உருமாறியது. தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் கையாண்ட அரபுத்தமிழ் இரண்டாம் வகை. தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தோர், ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபில் எழுத்தில்லாமை கண்டு, இருந்த எழுத்துகளிற் புள்ளிகளைக் கூட்டிப் புதிய குறிகளை ஆக்கினர். தமிழ் சிதையவில்லை, எழுத்துமுறை விரிந்தது. ஜாவா நிரலைக் கட்டையுருவிற் பொதிந்து தரும் ஆப் இன்வென்டர் முதல்வழியில் நடக்கின்றது. தன் மொழியையே மாணவர் வளர்க்கவிடும் ஸ்னாப் இரண்டாம் வழியில் நடக்கின்றது. இரண்டிலும் வெற்றிக்குக் காரணம் ஒன்றே. ஏற்றோர் தம் மொழியின் அமைப்பையும், வந்ததன் அமைப்பையும் ஒருங்கே அறிந்திருந்தனர்.

அவ்வறிவு குறைந்தவிடத்து நேரும் இடர் அண்மைக்கால வரலாற்றில் தெளிவாகவே பதிந்துள்ளது. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்புறத்தை வெற்றிடங்களால் நிரப்பும் 11 வரி நிரலொன்றை அதன் ஆசிரியர் பொது நூலகத்திலிருந்து நீக்கினார். அச்சிறு நிரலைத் தாம் பயன்படுத்துவதையே அறியாதிருந்த எண்ணற்ற மென்பொருள்கள் அன்று தொகுக்கப்பட இயலாது நின்றன. 2021 டிசம்பரில், நிகழ்வுகளைப் பதிவுசெய்ய உலகெங்கும் வழங்கிய ஒரு ஜாவா நூலகத்தில் பெருங்குறையொன்று வெளிப்பட்டது. அந்நூலகம் தம் பொறிகளில் எங்கெங்கு உள்ளது எனத் தேடுவதே நிறுவனங்கட்குப் பெருவேலையாயிற்று. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் நூலகமொன்றில் கள்ளவாயில் ஒன்று திட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. கண்டறிந்த பொறியியலாளர் முதலில் ஐயுற்றது, உள்நுழைவு வழக்கத்தைவிட அரைவிநாடியளவு தாமதித்தமையால் என்பர். தறியின் ஓசை சிறிது மாறியவுடன் இழை அறுந்தது என உணரும் நெசவாளன் செவி போன்றது அவர் கவனம்.

இனி மருதமுனைக்கு மீள்வோம். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் உள்நாட்டு நெசவுக்கு நல்ல சந்தை இருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, மலிவான இறக்குமதித் துணியோடு கைத்தறி போட்டியிட வேண்டியதாயிற்று. பின்னர்ப் போர், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை. அப்பேரலை அக்கரையோரத்து உயிர்களையும் வீடுகளையும் தறிகளையும் ஒருங்கே வாரிச் சென்றது. இவ்வரலாற்றிலிருந்து, வெளியிலிருந்து வருவன யாவும் தீது என்று முடிவுசெய்வார் உளர். அம்முடிவு பொருந்தாது. கைத்தறிக்கு வேண்டிய நூலும் சாயமும் கடல்கடந்தும் வந்தன. அவை நெசவாளனின் கையைத் தளர்த்தவில்லை. வந்த இழையை எண்ணிக் கோலமாக்கும் வேலை அவனிடமே இருந்தது. முடிந்த துணியாக வந்தபோதுதான் அவன் எண்ணுவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. திறந்து பார்க்கவும் மாற்றவும் இயலும் நூலகம் இழையை ஒத்தது. திறக்கவொண்ணாப் பொதி முடிந்த துணியை ஒத்தது. இரண்டும் வேண்டப்படும். ஆயின் முடிந்த துணியை மட்டும் அறிந்த தலைமுறை நெசவறியாது.

ஆகவே கல்முனைக் கரையோரத்தின் பள்ளிகளில் கட்டைமுறை பயிலும் மாணவர்க்கு வரலாறு காட்டும் நெறி இது. பிறர் நூலகத்தை ஏற்பதற்கு நாணவேண்டுவதில்லை. எட்சாக்கின் அலுமாரி முதல் இன்றுவரை அறிவு அவ்வாறே பெருகிற்று. ஏற்குமுன் யார் எழுதியது, எந்தப் பதிப்பு, என்ன வேண்டும், என்ன தரும் என்று வினவுதல் வேண்டும். ஏற்றபின் ஒருமுறையேனும் உள்ளே நோக்குதல் வேண்டும். அதனினும் மேலாக, ஏற்பவர் ஒருநாள் அளிப்பவராதல் வேண்டும். ஸ்னாப்பின் கட்டைப் பெயர்களைத் தமிழிலும் காணலாம். புதுக்கட்டைக்குத் தமிழ்ப் பெயரும் இடலாம். மருதமுனை மாணவி ஒருத்தி தன் வீட்டுத் தறியில் ஓடிய பாவின் வரிசையைக் கேட்டறிந்து, நிறமும் எண்ணும் கொடுத்தால் சாறனின் கட்டத்தை வரையும் கட்டையொன்றை வகுத்து, அதற்குப் பாவு எனப் பெயரிட்டு வெளியிடுவாளாயின், தொலைதேசத்து மாணவன் ஒருவன் அதனை இறக்குமதி செய்து திறந்து நோக்கி, அவ்வூர்த் தறியின் எண்ணை அறிவான்.

புதுச்சேரிக் கணிதர் சோகிகளைப் பரப்பிக் கிரகணம் கணித்தபோது, அவர்தம் நாவில் ஒரு நூலகம் முழுமையாக இருந்தது. அதனை ஆக்கினோரின் அறிவு மட்டும் வழியில் எங்கோ நழுவியிருந்தது. நூலகத்தோடு அவ்வறிவையும் கைமாற்றுவதே கல்வி. இழையாகிய நூலை எண்ணத் தெரிந்த ஊர், ஏடாகிய நூலையும் நிரலாகிய நூலையும் எண்ணிப் பார்க்கத் தயங்கவேண்டுவதில்லை.